'பிளாசிப்ளி'க்கு 'நம்பத்தகுந்த' பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆங்கிலச் சொற்கள் பகுதியில் 'பிளாசிப்ளி' (plausibly) என்பதற்கு 'நம்பத்தகுந்த வகையில்' என்று பொருள் போட்டிருந்தீர்கள். மொழிபெயர்ப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நம்பத்தகுந்தது என்றால் நம்புவதற்குத் தகுதி உள்ளது. அது 'கிரெடிப்ளி'க்கு (credibly) சரி. 'பிளாசிப்ளி' அந்தத் தகுதியைத் தருவதில்லை. கேட்டால் நம்பலாம்போல இருக்கிறது, அவ்வளவுதான். உண்மையா பொய்யா என்பது வேறு விஷயம். லத்தீனில் இதன் வேர் கைதட்டுவதைக் குறிக்கும். 'அப்ளாஸ்' என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததே. தமிழில் இதற்கு அருமையான சொல் நம் வாயிலேயே இருக்கிறது: நம்பும்படியாக. "நம்பும்படியாகப் பொய் சொன்னான்" என்போம். "நம்பத்தகுந்த வகையில் பொய் சொன்னான்" என்று யாராவது சொல்வார்களா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் என்பார்களே, அந்தப் 'பொருந்த'வும் இதே பொருள்தான்.

1948 ஜூனில் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு கவுன்சில் ரகசிய நடவடிக்கைகள் பற்றி ஓர் உத்தரவு போட்டது. அதிலேயே இந்தச் சொல் வருகிறது. விஷயம் வெளியே வந்தாலும் தனக்குப் பொறுப்பில்லை என்று அரசு 'பிளாசிப்ளி' மறுக்க முடிய வேண்டும் என்கிறது அது. இங்கே 'நம்பத்தகுந்த வகையில்' என்று எழுதினால் அரசு உண்மை பேசுவதாக ஆகிவிடும். கேட்பவர் நம்பும்படி கைகழுவ வேண்டும் என்பதே கருத்து. 1960 மே 1 அன்று அமெரிக்காவின் யூ-2 உளவு விமானத்தை சோவியத் யூனியன் சுட்டு வீழ்த்தியது. அது வானிலை ஆய்வு விமானம், விமானிக்கு ஆக்சிஜன் கோளாறு, வழி தவறியிருக்கலாம் என்றது நாசா. இன்னொரு யூ-2 மேல் நாசா பெயரை எழுதிப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டவும் செய்தார்கள். விமானி உயிரோடு எங்களிடம் இருக்கிறார் என்று மே 7 அன்று சோவியத் தலைவர் குருஷேவ் அறிவிக்கும்வரை எல்லாம் நம்பும்படியாகவே இருந்தது.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பயன்பாடும் உண்டு. சாமானியர்கள் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் தெரு மளிகைக் கடையில் தீப்பிடித்தது. காப்பீட்டு சர்வேயரின் அறிக்கையை யாரிடமோ கொடுத்துத் தமிழாக்கி வைத்திருந்தார் கடைக்காரர். "தீ, நம்பத்தகுந்த வகையில் மின்கசிவால் ஏற்பட்டது" என்று அதில் இருந்தது. சரி, பணம் வந்துவிடும் என்று கடன் வாங்கிச் சரக்கு இறக்கிவிட்டார். அப்புறம், மேல் விசாரணை தேவை என்று கடிதம் வந்தது. இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். ஆங்கில மூலத்தில் 'குட் பிளாசிப்ளி' (could plausibly) என்று இருந்த இடத்தில் விரலை வைத்து, "அண்ணே, மின்கசிவா இருக்க இடமுண்டுன்னுதான் எழுதியிருக்காங்க. 'பிராபப்ளி' அளவுக்குக்கூட உறுதி இல்லை" என்றேன். அவர் அந்தச் சொல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் பகுதியை மாணவர்கள் வெட்டி ஒட்டி வைத்துப் படிக்கிறார்கள். 'நம்பும்படியாக' என்பதையும், 'குட்' சேர்ந்து வந்தால் 'இருக்க இடமுண்டு' என்பதையும் அடுத்த இதழில் திருத்தமாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஈரோடு