பொன்னாடை சேர வேண்டியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இந்த செமஸ்டரோடு முதலாண்டு மெக்கானிக்ஸ் பேப்பர் என் கையை விட்டுப் போகிறது. ஜூலையிலிருந்து வேறொருவர் எடுக்கப்போகிறார். நான்கு வருடமாக அந்த வகுப்பில் செய்து பார்த்த மாற்றங்களுக்காகப் போன வாரம் துறைக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது சேர வேண்டிய தோள்களில் பாதிக்கு மேல் அந்த அறையிலேயே இல்லை.

முதலில், என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்த ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு. ஐயா, அன்றைக்கு எனக்குப் பன்னிரண்டு வருட அனுபவம். நன்றாகப் பாடம் நடத்துகிறவள் என்று பேரும் இருந்தது. 50 நிமிடமும் கேட்டுவிட்டு ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தீர்கள். "நீ பேசியது 46 நிமிடம். பிள்ளைகள் பேசியது: 'எஸ் மேம்', ஏழு தடவை." அவ்வளவுதான் எழுதியிருந்தது. இரண்டு நாள் உங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் நீங்களே ஸ்டாஃப் ரூமுக்கு வந்து எரிக் மசூர் கதையைச் சொன்னீர்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்துகிறவர். மாணவர்களிடம் நல்ல பேர். அவருடைய மாணவர்கள் கஷ்டமான கணக்கெல்லாம் போட்டுவிடுவார்கள். ஆனால் அரிசோனாவில் டேவிட் ஹெஸ்டனஸ் குழுவினர் உருவாக்கிய எளிமையான விசைக் கேள்விகளைக் கொடுத்தால் தடுமாறினார்கள். "நீங்கள் சொல்லித்தந்தபடி எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா?" என்று ஒரு மாணவி கேட்டாராம். 1991 முதல் மசூர் விரிவுரையைக் குறைத்துக்கொண்டார். ஒரு கேள்வி போடுவார். தனியாக யோசித்து ஓட்டுப் போட வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி, மறுபடியும் ஓட்டு.

'அதெல்லாம் ஹார்வர்டுக்கு' என்றுதான் நினைத்தேன். சரி, ஒரு தடவை பார்ப்போம் என்று மறுநாள் கேட்டேன்: நேராக மேலே எறிந்த கல் போய்க்கொண்டிருக்கிறது, காற்றை விட்டுவிடுங்கள், கல்லின் மேல் என்ன விசை? முன் பெஞ்சில் இருந்த பையன் எழுந்து கேட்டான், "பரீட்சைக்கு எழுதுற பதிலா மேம், நிஜமான பதிலா?"

அந்தத் தம்பிக்கு என் இரண்டாவது நன்றி. கீழே இழுக்கும் புவியீர்ப்பு மட்டும்தான் சரியான விடை. ஆனால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மேல்நோக்கி ஒரு விசை இருக்கிறது என்றே நம்பினார்கள். இத்தனைக்கும் நியூட்டனின் மூன்று விதிகளையும் ஆங்கிலத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். "போற வேகம் இருக்குல்ல, அதுதான்டா தூக்குது" என்று ஒருவன். "கையை விட்டப்புறம் யார்டா தூக்குறது?" என்று ஒரு பெண். எல்லாம் தமிழில். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் என் வகுப்பில் ஊமைகள் இல்லை, இவ்வளவு நாளும் நான்தான் பேசவிடவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

அப்புறம் ஓட்டுப் போடுவதற்கான அட்டைகள். வெளிநாட்டில் இதற்கென்று தனிக் கருவி கொடுக்கிறார்கள். நமக்கு சார்ட் பேப்பர். கேட் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை அண்ணன் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று 62 பேருக்கும் வெட்டிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவன் தனியாக வந்து, "எனக்கு சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியும் மேம்" என்றான். எனக்குத் தோன்றவே இல்லாத விஷயம். அண்ணன் அத்தனையையும் திரும்ப வாங்கி அ, ஆ, இ, ஈ என்று பெரிதாக அடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அடுத்த வருடம் பிளிக்கர்ஸ் அட்டைக்கு மாறியபோதும் அவர்தான். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு குறி அச்சிட்ட அந்த அட்டையைத் திருப்பிப் பிடிக்கும் பக்கத்தை வைத்து விடை மாறும். என் போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. ஒரு செட்டில் 63 அட்டை, நாங்கள் 62 பேர்.

பக்கத்து வகுப்பு சாருக்கு நன்றியும் வருத்தமும் சேர்த்தே. எங்கள் சத்தம் தாங்காமல் மூன்று முறை கதவைத் தட்டினீர்கள். நான்காவது முறை புகார் போகும் என்று பயந்தேன். நீங்கள் உங்கள் வகுப்பை மாடிக்கு மாற்றிக்கொண்டீர்கள். வெயில் காலத்தில் அந்த மாடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

போர்ஷன் முடியாமல் தவித்தபோது சனிக்கிழமை வந்து கடைசி யூனிட்டை எடுத்த கௌரவ விரிவுரையாளரை நினைக்கையில் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த வகுப்புகளுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. என் 'புதுமை'யின் செலவில் ஒரு பங்கு உங்கள் விடுமுறை நாட்கள்.

இன்டர்னல் மார்க் 25இல் 5ஐ வாதத்தில் கலந்துகொள்வதற்கு ஒதுக்கலாம், விடை சரியா தப்பா என்று பார்க்க வேண்டியதில்லை என்று பாடத்திட்டக் குழுவில் எடுத்துச் சொன்ன மேடத்துக்கும் நன்றி. தப்பாகச் சொன்னால் மார்க் போகும் என்றால் யார் வாயைத் திறப்பார்கள்? (செமஸ்டர் வினாத்தாள் இன்னும் 'வரையறு, தருவி' என்றுதான் வருகிறது. அது வேறு சண்டை.)

வகுப்புக்கு வைஃபை எட்டாது என்று சொன்னதும், பெட் (PhET) என்ற, கணினியிலேயே சோதனை செய்து பார்க்கும் பாவனைகளை இறக்கி லேப் கம்ப்யூட்டர்களில் போட்டுவைத்த சிஸ்டம் அட்மின் தம்பிக்கும் நன்றி. 2001இல் நோபல் வாங்கிய கார்ல் வீமன், அடுத்த வருடமே கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது அது. ஹாஸ்டல் பிள்ளைகள் இரவெல்லாம் பீரங்கிக் குண்டு சுட்டு எறிபொருளின் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் கணக்கு கொடுத்திருந்தால் அந்த நேரத்தைக் கொடுத்திருப்பார்களா என்ன.

பதவி உயர்வுக்கான சான்றிதழுக்காகப் போன ஒரு பயிற்சியில், விரிவுரையைக் குறைப்பது எப்படி என்று மூன்று மணி நேரம் விரிவுரை கேட்டேன். அங்கே டீ இடைவேளையில் தன் கேள்விகள் அடங்கிய பென் டிரைவை என் கையில் திணித்த வேதியியல் ஆசிரியைக்கும் நான் கடன்பட்டவள். கேள்வி அமைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதில்தான் புரிந்தது. எல்லோரும் சரியாகச் சொன்னால் வாதமே கிடையாது. எல்லோரும் தப்பென்றால் வாதாட ஆள் கிடையாது. பாதிப் பேருக்குப் பிடிபட்டு மீதிப் பேர் தடுமாறுகிற மாதிரி ஒரு கேள்வி அமைய, எனக்குச் சில சமயம் ஒரு வாரம் ஆகியிருக்கிறது.

அடுத்து இந்த வகுப்பை எடுக்கப்போகிறவருக்கு: அட்டைப் பெட்டி லேபில் இரண்டாவது பீரோவில் இருக்கிறது. சாவி லேப் அசிஸ்டன்ட் அக்காவிடம். நான்கு வருடமாக ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் எண்ணி அடுக்கி வைத்தவர் அவர்தான். அவருக்கு நன்றி சொல்லாமல் பெட்டியைத் திறக்காதீர்கள். 41ஆம் எண் அட்டை தொலைந்துவிட்டது. ஜெராக்ஸ் கடையில் ஃபைல் இருக்கிறது, கேட்டால் அடித்துத் தருவார். இந்த முறையாவது காசு கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
முதலாண்டு மெக்கானிக்ஸ் மேம்