‘மறுகா’வை விட்டுவைத்தவர்களுக்கு

என் சனங்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்புக் கல்லடியில் என் முதல் சிறுகதைத் தொகுப்பு வெளியானது. நன்றி சொல்ல எழும்பினேன், தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டு வரியோடு இறங்கிவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் பெத்தா, என் பாட்டி. அவர் இப்போது இல்லை. 1978 நவம்பர் 23, சூறாவளி அடித்த இரவில் கூரை போய்விட்ட வீட்டுக்குள் நெல் மூட்டைகளுக்கு நடுவே என் அம்மாவை இருத்தி, மேலே பாயைப் போட்டு, விடியும்வரை அதன் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர். நான் அப்போது ஏழு மாதம், அம்மாவின் வயிற்றில். பெத்தா இதைச் சொல்லும்போது காற்றைப் பற்றி அதிகம் பேசமாட்டார். “மறுகா என்ன செஞ்ச நீங்க பெத்தா?” என்று நான்தான் கேட்பேன். “மறுகா என்ன புள்ள, விழுந்து கிடந்த தேங்காயப் பொறுக்கி, திருவி, சோறாக்கின நாங்க” என்பார். மறுகா என்றால் பிறகு. என் கதைகள் எல்லாம் அந்த ‘மறுகா’வில்தான் தொடங்குகின்றன.

அந்தச் சொல்லுக்காக ஒருமுறை நிறைய அழுதிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சஞ்சிகைக்கு அனுப்பிய கதை அச்சில் வந்தபோது ‘மறுகா’ எல்லாம் ‘பிறகு’ ஆகியிருந்தது. ‘வாகா’, ‘இருகா’ எல்லாம் வெறும் ‘வா’, ‘இரு’. கதையில் வேறு யாருடைய பெத்தாவோ பேசிக்கொண்டிருந்தார். மூன்று வருடம் எங்கேயும் எதையும் அனுப்பவில்லை. அதனால்தான் இந்தப் புத்தகத்துக்குப் பக்கம் அமைத்த தங்கச்சிக்கு இவ்வளவு நன்றி. சந்தேகம் வந்த ஒவ்வொரு சொல்லுக்கும் போனில் கோல் எடுத்துக் கேட்டார். ஒரே நாளில் பதினொரு தடவை. ஒன்றைக்கூடத் தானாக மாற்றவில்லை.

அப்புறம், மாமி. 2004 டிசம்பர் 26, சுனாமி வரும்வரை எங்கள் வீடு நாவலடியில் இருந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல்தான் நாவலடி. என்னிடம் ஒன்பது கொப்பிகள் இருந்தன. ஒன்று மட்டும் வாவிப் பக்கம் கண்டல் பற்றைக்குள் கிடந்து, ஒரு பொடியன் மட்டையில் பெயரைப் பார்த்து முகாமுக்குக் கொண்டுவந்தான். கல்லு மாதிரி ஒட்டிப் போயிருந்தது. மாமிதான் அதைக் கேட்டு வாங்கினார். ஈர்க்கை நுழைத்து நுழைத்து ஒற்றை ஒற்றையாகப் பிரித்து, சுளகில் பரப்பி நிழலில் காயவைத்தார். மைப்பேனையால் எழுதியதெல்லாம் நீலக் கறை. குமிழ்முனைப் பேனையால் எழுதிய 14 பக்கங்கள் மட்டும் தப்பின. இந்தத் தொகுப்பின் மூன்று கதைகள் அந்தப் பக்கங்களிலிருந்து வந்தவை.

மாமி அதே தண்ணீரில் தன் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். “இது எதுக்கு மாமி, விடுங்க” என்றேன். “கையச் சும்மா வெச்சிருக்க ஏலாமக் கிடக்கு புள்ள” என்றார். அந்த ஒரு வரியை விட உண்மையாக நான் இன்னும் எதையும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை திராய்மடுவிலிருந்து வந்து முதல் பிரதியை வாங்கியவர் அவர்தான். வாங்கியதும் விரலால் ஓரத்தைத் தடவி, பக்கங்கள் பிரிகின்றனவா என்று பார்த்தார்.

தாளுக்கும் அச்சுக்கும் கடன் தந்து, ஒருநாளும் கேட்டு வராத காத்தான்குடிக் காக்காவுக்கும் (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), கதிரை அடுக்கிய பிள்ளைகளுக்கும் என் நன்றி.

வாவிக்கு மேற்கே, வயல் பக்கமான படுவான்கரை அக்காமாருக்கு என்ன சொல்வது! வெட்டுக் காலத்தில் வட்டைக்குள், அந்த வயல்வெளியில், உங்கள் பின்னால் திரிந்து, வாடிக் குடிசையில் உங்கள் சோற்றையே தின்று, உங்கள் வாயிலிருந்து எடுத்த சொற்கள்தான் புத்தகத்தில் பாதி. சூடடிக்கும் களமான களவெட்டியில் நின்று நான் ‘நெல்’ என்று சொல்ல, “பொலி எண்டு சொல்லுகா, பூதம் கொண்டு போயிரும்” என்று வாயைப் பொத்தினீர்கள். அது அப்படியே ஒரு கதையில் இருக்கிறது. உங்களில் சிலருக்கு எழுத்து வாசிக்க வராது என்று தெரியும். அடுத்த சனிக்கிழமை குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் காலைப் படகு, நம் ‘பாதை’, ஏறி மண்டூருக்கு வருகிறேன், வாசித்துக் காட்ட. பிழையான இடத்தில் அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள்.