மாப்பிள்ளைக்கு, ஜீப் விஷயமாக

போடி,
9.11.2025

அன்பு மாப்பிள்ளை சேகர்,

தீபாவளி அன்று நீ மூன்று தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. மறுநாள் உன் வீட்டிலிருந்து தங்கச்சி கூப்பிட்டது, அதையும் எடுக்கவில்லை. கோபமெல்லாம் ஒன்றுமில்லை. உன் குரலைக் கேட்டால் தொண்டை அடைத்துவிடும் என்று தெரியும், அதனால் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி இன்றைக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது. மன்னித்துக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. சின்னவன் பத்தாவது, படிக்கிறான்.

ஜீப்பைத் திருடிவிட்டார்கள்டா. அப்பாவின் ஜீப்பை.

அக்டோபர் 16 ராத்திரி. அன்றைக்குக் கேரளப் பக்கம் பூப்பாறையில் நல்ல மழை. ஏலக்காய் எடுப்புக்கு வந்த பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் இறங்கி வரவே எட்டரை ஆகிவிட்டது. பேச்சியம்மா அக்காவைக் கடைசியாக இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்கு உடம்பு கொதிக்கிறது. வண்டியை வழக்கம்போல வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு அப்படியே பைக்கில் அம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்து கஞ்சி வைத்து, மாத்திரை கொடுத்துப் படுக்கும்போது பன்னிரண்டு இருக்கும். காலையில் ஐந்து மணிக்குக் கதவைத் திறக்கிறேன், மரத்தடியில் வண்டி நின்ற இடம் மட்டும் நீள்சதுரமாகக் காய்ந்து கிடக்கிறது, சுற்றிலும் ஈரம். நடுவில் கைப்பிடி அளவுக்கு ஆயில் சொட்டின கறை.

அந்தச் சங்கிலி உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்டியரிங்கையும் கிளட்ச் பெடலையும் சேர்த்து அப்பா பூட்டுவாரே, அதுதான். அவர் போன பிறகு பதினொரு வருடமாக நான் ஒரு நாளும் பூட்டாமல் விட்டதில்லை. அன்றைக்கு விட்டுவிட்டேன். சங்கிலி திண்ணையில் சாக்கின் மேல் கிடந்தது, பூட்டிலேயே சாவியோடு. இப்போதும் அங்கேதான் கிடக்கிறது, எடுத்து உள்ளே வைக்கக் கை வரவில்லை.

பழைய டீசல் ஜீப்புக்குச் சாவி ஒரு பொருட்டே இல்லை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு இரண்டு ஒயரைச் சேர்த்தால் செல்ஃப் அடிக்கும், ஒரு தடவை பிடித்துவிட்டால் அப்புறம் இன்ஜினுக்குக் கரண்டே வேண்டாம், நிறுத்தத்தான் கம்பியை இழுக்க வேண்டும். பெட்ரோல் பங்க் கேமராவில் அதிகாலை 2:40க்குத் தேனிப் பக்கம் போவது தெரிகிறது. ஹெட்லைட் போடவில்லை. ஓட்டுகிறவன் தலையில் துண்டு. அது அப்பாவின் துண்டா என்று நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், தெரியவில்லை. சீட்டுக்கு அடியில் அவருடைய துண்டு, மூன்று பேட்டரி டார்ச், ஸ்பேனர் டப்பா எல்லாம் இருந்தது.

அம்மா முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் என்னிடம் கேட்டது, "பிரேக்கை ரெண்டு தடவை அடிச்சாத்தான் பிடிக்கும்னு அவனுக்குத் தெரியுமாப்பா?" நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டது. மழையில் எவனோ ஒருத்தன் இறக்கத்தில் போய் விழுந்துவிடுவானோ என்று. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

போலீஸில் அன்றைக்கே புகார் வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், அப்புறம் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். இப்போது திருட்டுக்குப் பழைய ஐ.பி.சி. 379 கிடையாது, புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 303(2). எழுத்தர் நல்ல மனுஷன், முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: பழைய ஜீப்பைப் பிரித்துவிட்டால் இன்ஜின் ஒரு ஊர், ஹவுசிங் ஒரு ஊர், பாடி பழைய இரும்புக் கடை. சேஸிஸ் நம்பர் இருக்கிற துண்டு கிடைத்தால்தான் உண்டு. ஆனாலும் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் வேண்டும், அந்த நம்பரை வைத்துக்கொண்டு எவனாவது தப்புக் காரியம் செய்தால் நம் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள் என்றார். ஆர்.டி.ஓ. ஆபீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று நீ கேட்பாய். கிடைக்காது. 1994 மாடல் வண்டிக்கு ஃபுல் கவர் எதற்கு என்று ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு வருடா வருடம் மூன்றாம் நபர் பாலிசி மட்டும்தான் கட்டி வந்தேன். அதில் நம்மால் அடுத்தவனுக்கு வரும் சேதத்துக்குத்தான் பணம், நம் வண்டி களவு போனால் ஒரு ரூபாய் கிடையாது. போன வருடம்தான் ஆர்.சி. புதுப்பிக்க டிங்கரிங், பெயிண்ட், எஃப்.சி. என்று செலவழித்தேன், அதுவும் சேர்ந்து போனது. உன் மஹிந்திரா தார் ஜீப்புக்கு என்ன பாலிசி என்று இன்றைக்கே எடுத்துப் பார். சென்னை ஈ.சி.ஆர். ரோட்டைத் தாண்டி மண் ரோட்டையே பார்க்காத வண்டி, அதை எவன் திருடப் போகிறான் என்று சும்மா இருக்காதே. நீ 2021இல் வாங்கியது. நாலு வருடம் தாண்டினால் அட்டவணைப்படி வண்டி மதிப்பில் 50 சதவீதம் கழித்துத்தான் பாலிசியில் எழுதுவார்கள், களவு போனால் அந்த எழுதிய தொகைதான் வரும். சாவி இரண்டையும் பத்திரமாக வை, க்ளெய்முக்கு இரண்டையும் கேட்பார்கள். வண்டி காணோம் என்றால் முதலில் போலீஸ், அதே நாளில் கம்பெனி. அப்புறம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால்தான் பணம். இந்த மூன்று வாரத்தில் இதெல்லாம் எனக்கு மனப்பாடம், எனக்கு உதவாது, உனக்காவது உதவட்டும்.

இப்போது பெரிய கவலைக்கு வருகிறேன். ஏல சீசன் நடுவில் நிற்கிறது. முப்பது, நாற்பது நாளுக்கு ஒரு எடுப்பு, அடுத்தது நவம்பர் கடைசியில். சரத்தில் பழுத்த காயை விட்டால் வெடித்துக் கொட்டிவிடும். போன எடுப்பை வாடகை ஜீப் வைத்து முடித்தேன். மாப்பிள்ளை, அந்த ஜீப்பில் பதினான்கு பேர். பின்னால் நாலு பேர் தொங்கிக்கொண்டு. போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவும், பனி மூட்டமும், எதிரே வரும் லாரியும் நினைத்துப் பார். அப்பா எட்டுப் பேருக்கு மேல் ஒரு ஆள் ஏற்றமாட்டார், ஒன்பதாவது ஆள் கெஞ்சினாலும் இன்னொரு நடை வருகிறேன் என்றுதான் சொல்வார், உனக்கே தெரியும், உன்னையும் குண்டு பாண்டியையும் சூரியநெல்லியில் மழையில் நிற்கவைத்துவிட்டு வந்தாரே. இந்த மலையில் ஜீப் உருண்டு தோட்டத்துப் பெண்கள் செத்ததை நாம் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். என் காய்க்காக ஒரு உயிர் போனால் நான் என்ன பதில் சொல்வேன்? அன்றைக்கு ராத்திரி பேச்சியம்மா அக்கா வீடு போய்ச் சேர்ந்தேன் என்று போன் பண்ணுகிற வரைக்கும் சாப்பிடவில்லை.

அதனால் ஒரு வண்டி வாங்கியே ஆக வேண்டும். என்ன வண்டி என்பதில்தான் மண்டை காய்கிறது.

தார் பார்த்தேன். நல்ல வண்டி, குறையே சொல்லமாட்டேன். வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 226 மி.மீ. உயரம், லோ கியர், ஏ.பி.எஸ்., ஏர்பேக். ஆனால் நாலு சீட். ஷோரூம் பையன் ஒன்றரை லிட்டர் டீசலைக் காட்டி, செப்டம்பர் 22இல் இருந்து ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான் சார், எடுத்துக்குங்க என்கிறான். அது பின்சக்கரம் மட்டும் சுற்றுகிற வண்டி. நாலு சக்கரமும் சுற்றுகிற ஃபோர் வீல் டீசலுக்கு 40 சதவீத வரி. நம் காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போகிற களிமண் பாதையில் பின்சக்கரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஜிம்னி ஓட்டிப் பார்த்தேன், கைக்கு அடக்கமாக, ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுகிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பெட்ரோல், அதிலும் நாலு சீட்தான், உர மூட்டை போட்டால் ஆள் ஏற முடியாது. ஃபோர்ஸ் கூர்க்கா ஐந்து கதவு வண்டிதான் கனவு. ஏழு பேர் உட்காரலாம், ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலும் மற்றது இழுக்க முன் பின் இரண்டு ஆக்சிலுக்கும் டிஃபரன்ஷியல் லாக், அடிப்பாகம் தரையிலிருந்து 233 மி.மீ. உயரம். விலையைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன், தோட்டத்தை அடமானம் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மிச்சம் இருப்பது இரண்டு. ஒன்று, கம்பம் ஊரில் ஒருவர் வைத்திருக்கும் பழைய மஹிந்திரா ஜீப், எம்.எம். 540. நம்முடையது மாதிரியே பூஜோ இன்ஜின், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் 91 இன்ச் வீல்பேஸ், அதே பச்சை. மெக்கானிக் ஷெட்டில் அதை ஸ்டார்ட் பண்ணினார்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். நம் தோட்டத்துப் பாதையின் மூன்றாம் வளைவில் பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நம் ஜீப் ஒரே மூச்சில் திரும்புமே, ஃபர்ஸ்ட் கியர், லோ போட்டு பிரேக்கைத் தொடாமல் இன்ஜின் பிடியிலேயே இறங்குவோமே, அந்த வேலையை இது செய்யும். வாடகை ஜீப்புக்கு அங்கே எல்லோரும் இறங்கி, மூன்று தடவை முன்னே பின்னே போட்டுத் திருப்ப வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, பொலேரோ கேம்பர் ஃபோர் வீல் பிக்கப். ஐந்து பேர் உள்ளே, பின்னால் ஒரு டன் சரக்கு. எட்டுப் பேர் என்றால் இரண்டு நடை போக வேண்டும், சரி, போகலாம். வாடகை வண்டிக்கான மஞ்சள் போர்டு, கேரள எல்லை தாண்ட என்னென்ன வரி, பெர்மிட் என்று விசாரிக்க வேண்டும். ஆனால் வீல்பேஸ் மூன்று மீட்டர். மூன்றாம் வளைவில் மாட்டும்.

என் மனசு கம்பத்து ஜீப்பின் மேல்தான். அதைச் சொன்னபோது உன் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, அடுப்பிலிருந்து திரும்பாமலேயே சொன்னாள்: "மாமா 99ல அந்த ஜீப்பை வாங்கும்போது அது அஞ்சு வருஷத்து வண்டி. இன்னிக்கு அவரு இருந்தா முப்பது வருஷத்து வண்டியிலயா அந்தப் பொண்ணுங்கள ஏத்துவாரு?" எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் நம் ஜீப்பில் பெல்ட் கிடையாது, நாலு பக்கமும் டிரம் பிரேக், மேலே படுதா. அதில் நான் இத்தனை வருடம் மழையில் ஆட்களை இறக்கி வந்தது பழக்கத்தால்தான், பாதுகாப்பால் இல்லை. போதாததற்கு இருபது வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை இந்த ஆகஸ்டில் பத்தாயிரம் ஆக்கிவிட்டார்கள்.

நேற்று மூன்றாம் வளைவுக்குப் போய் டேப் வைத்து அளந்தேன். பள்ளத்துப் பக்கம் தொட முடியாது. மேட்டுப் பக்கம் மூன்றடி வெட்டினால் கேம்பர் இரண்டு தடவையில் திரும்பிவிடும். மேடு பக்கத்துத் தோட்டக்காரருடையது. அப்பாவோடு வேலித் தகராறு பண்ணினாரே, அதே சேட்டன். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் உடனே, "அச்சனோட வண்டி போயில்லே, கேட்டேன்", அப்பாவின் வண்டி போய்விட்டதாமே, கேள்விப்பட்டேன் என்று மலையாளத்தில் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். வெட்டிக்கொள், நாலு ஏலச் செடி போகும், அதை மட்டும் பக்கத்தில் பிரித்து நட்டுக் கொடு என்றார். ஜே.சி.பி. அரை நாள் வாடகை, மழை விட்டதும் செய்யலாம்.

ஆகவே கேம்பர் பக்கம் சாய்ந்திருக்கிறேன், முழுசாகச் சாயவில்லை. கம்பத்து ஜீப்பை நீ வந்து ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். உன் அப்பாவின் டீசல் பம்ப்-நாசில் கடையில் பிறந்து வளர்ந்த காது உனக்கு, நான் அதைப் பாசத்தோடு கேட்கிறேன், நீ இன்ஜினை மட்டும் கேட்பாய். பம்ப் சரியில்லை என்று நீ சொல்லிவிட்டால் நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் சொல், மறைக்காதே, அப்போதும் நான் கேம்பரைத்தான் எடுப்பேனா என்று எனக்கே தெரிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சென்ட்ரலில் ஏறினால் சனிக்கிழமை காலை போடியில் இறங்கலாம், ஞாயிறு ராத்திரி இங்கிருந்து திரும்ப வண்டி இருக்கிறது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று. பொள்ளாச்சியில் வண்டியை வாங்கிக்கொண்டு வரும்போது பழனியில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தோமே, நீ பானெட்டில் உட்கார்ந்து பஞ்சாமிர்த டப்பாவைத் தூக்கிப் பிடித்திருப்பாய், அப்பா ஸ்டியரிங்கில். அது உன்னிடம்தான் இருக்கிறது. தேடி எடுத்து வா. மட்கார்டில் வெல்டிங் தழும்பு இருக்கிற இடது பக்கம் தெரிகிற படம் ஸ்டேஷனில் கேட்கிறார்கள், என்னிடம் இருப்பதெல்லாம் வலது பக்கம்தான்.

அன்புடன்,
ராஜா