தூளிக்குள் ஒரு வெளிச்சம்

லண்டன்,
டிசம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானும் பிள்ளைகளும் நலமறிய ஆவல். இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வெளியே நிற்க முடியாத குளிர். ஞாயிற்றுக்கிழமையானால் சனம் அருங்காட்சியகங்களுக்குப் போய்விடும். பெரியவை பலவற்றில் உள்ளே போகக் காசு கிடையாது. தாய்மார்கள் தள்ளுவண்டியோடு வந்து, ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆடிப்பெருக்கு சமயத்தில் பாட்டி வீட்டைத் திறந்து, தாய்மையைப் பற்றிச் சலனப்படமும் பொருள்களும் வைத்து, ஆட்கள் உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி செய்யலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் செய்யலாம். காவிரிக்கே மசக்கை என்று சித்ரான்னம் படைக்கிற ஊர் நம் ஊர். பயிருக்கும் பெண்ணுக்கும் சூல் என்று ஒரே வார்த்தை வைத்திருக்கிற பாஷை நம் பாஷை. ஒன்று மட்டும் வேண்டாம்: சிரித்த முகத்தோடு குழந்தையைத் தூக்கி நிற்கும் அம்மா படம். அது காலண்டரில் இருக்கிறது. வருகிறவர்களுக்கு அந்த வேலையும் காத்திருப்பும் உடம்பில் உறைக்க வேண்டும்.

இங்கே தேம்ஸ் கரையில் பழைய மின்நிலையம் ஒன்றை டேட் மாடர்ன் என்று கலைக்கூடமாக்கியிருக்கிறார்கள். 2000இல் திறந்தபோது அதன் பெரிய மண்டபத்தில் லூயிஸ் பூர்ஷ்வா என்ற பெண் சிற்பி செய்த சிலந்தி நின்றது. பெயர் ‘மமான்’, அம்மா என்று அர்த்தம். 9 மீட்டருக்கு மேல் உயரம். வயிற்றுப் பையில் பளிங்கு முட்டைகள். அவருடைய தாயார் கிழிந்த திரைச்சீலைகளை நெய்து பழுது பார்த்தவர். அதனால்தான் சிலந்தி. கால்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் முட்டை தெரியும். காப்பாற்றுகிறதா, பயமுறுத்துகிறதா என்று சொல்ல முடியாது. நமக்கு இது புதிதில்லை. திருவானைக்காவில் லிங்கத்துக்கு மேல் வலை பின்னிய சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது. நல்ல நேரம் வரும்வரை பிரசவத்தைத் தள்ளிப்போடத் தலைகீழாகக் கட்டச் சொல்லித் தொங்கிய அவன் தாய், பிள்ளை முகம் பார்த்ததும் இறந்துபோனாள். அவன் கட்டிய மாடக்கோயில்களைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அவளைப் பற்றி நாம் பேசுவதில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். ஒரு குழந்தையின் சலனப்படம் மேலிருந்து தூளிக்குள் விழ வேண்டும். தூளியைக் காமரா உள்ளில், அந்த இருட்டு அறையில், கட்டு. கூடத்தில் வேண்டாம், முற்றத்து வெளிச்சம் படத்தை வெளுக்கடிக்கும், ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது தூளி எம்மாத்திரம். ஐந்தரை மீட்டர் பழைய நூல் புடவையை இரட்டையாக மடித்து, அடிப்பக்கம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி உத்தரத்தில் தொங்கவிடு. வெறும் தூளி சுருங்கி நாடா மாதிரி நிற்கும். 3 கிலோ நெல்லைத் தட்டையான பையில் தைத்து உள்ளே போட்டு, மேலே ஒரு வெள்ளை மல் துணி விரி. பிறந்த குழந்தையின் கனம் அது. ஆட்டிப் பார்க்கிற கைக்கே தெரிந்துவிடும்.

புரொஜெக்டரை லென்ஸ் தரையைப் பார்க்கும்படி செங்குத்தாகத் தொங்கவிடாதே. பல மாடல்கள் அப்படிச் சூடு தாங்காது. உத்தரத்தோடு படுக்கவைத்துக் கட்டி, சுற்றிலும் 30 சென்டிமீட்டர் காற்றுக்கு விட்டு, லென்சுக்கு முன்னால் 45 பாகையில் ஒரு கண்ணாடி வை. வீட்டுக் கண்ணாடி உதவாது: மேல் கண்ணாடியும் பின்னால் உள்ள ரசமும் தனித்தனியே பிரதிபலிப்பதால் படம் இரட்டையாக விழும். முன்பக்கம் ரசம் பூசியது வேண்டும். பழுதான ஜெராக்ஸ் மெஷினுக்குள் நீளவாக்கில் இருக்கும். அதைத் துணியால் துடைத்தால் கீறிவிடும், ஊதினால் போதும். கண்ணாடி படத்தை இடம் வலமாக மாற்றும். மெனுவில் ‘ரியர்’ என்று மாற்றினால் சரியாகும்.

அளவு சுலபம். த்ரோ ரேஷியோ, அதாவது தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது, 1.2 என்றால் 1.8 மீட்டர் தூரத்தில் படம் ஒன்றரை மீட்டர் அகலம் வரும். தூளி அவ்வளவு அகலமில்லை, மிச்சம் தரையில் வழியும். எடிட்டிங்கிலேயே படத்தைச் சுருக்கி நடுவில் வைத்து, சுற்றிலும் கறுப்பு விடு. வருகிறவர்கள் ஆட்டினால் படம் நழுவும். கையால் பிடித்து நிறுத்தினால்தான் குழந்தை மறுபடி தூளிக்குள் வரும். அதைச் சரி செய்ய முயலாதே. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

படமெடுக்கும்போது முகம் வேண்டாம். பிடரியும் பாதமும் போதும், யாரும் தன் பிள்ளையை நினைத்துக்கொள்ளலாம். தாயிடம் கேட்டுவிட்டு எடு. குழந்தைக்கு மேலே போனைக் கையில் பிடிக்காதே. ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை கட்டு. நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன் வழக்கமாக எடுக்கிற 30 ஃபிரேமில் டியூப் லைட் பட்டை பட்டையாக ஓடும். ஃபோகசையும் நிறத்தையும் பூட்டிவிடு. வெட்டி ஒட்டாமல் ஒரு மணி நேரம் ஒரே ஓட்டமாக எடு; தூங்காத குழந்தை தூங்கும்வரை அத்தனை நேரம் ஆகத்தான் செய்யும். பென் டிரைவ் பழைய ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது. நொடிக்கு 8 மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்று வைத்தால் ஒரு மணிப் படம் 3.6 ஜிபி. கோப்பின் தொடக்கமும் முடிவும் கறுப்பாக இருக்கட்டும், திரும்ப ஓடும் இடைவெளி தெரியாது.

மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் கணத்தில் புரொஜெக்டர் அணைந்துவிடலாம். ‘டைரக்ட் பவர் ஆன்’ போட்டுவை, தானாக எரியும். ஸ்லீப் டைமரை எடுத்துவிடு.

கூடத்துக்கு ஒரு யோசனை. மேரி கெல்லி என்ற ஓவியக் கலைஞர் 1973 முதல் 1979 வரை தன் மகனை வளர்த்ததையே ஆவணமாக்கினார். கறை படிந்த அணையாடைத் தாள்களில், குழந்தை எப்போது என்ன சாப்பிட்டது என்று அச்சிட்டு, 1976இல் இங்கே காட்சிக்கு வைத்தார். பத்திரிகைகள் கூச்சல் போட்டன. நீ பழைய வேட்டியைக் கிழித்து 24 துண்டு கொடியில் போடு. ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம்: ‘2.10 பால். 2.40 ஈரம். 2.55 மறுபடி பால்.’ ஒரு தாய் உண்மையிலேயே குறித்துக் கொடுத்ததாக இருக்கட்டும். கறையை வெளுக்காதே, ஆனால் கொதிநீரில் அலசி நன்றாகக் காயவை, இல்லாவிட்டால் எறும்பு வரும்.

ரேழியில் தாலாட்டு மட்டும். ஒரே குரல், பாட்டியின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் போனை வைத்து, விசிறியை நிறுத்திப் பதிவு செய். இருமினால் இருமல் இருக்கட்டும். ஓட்டு வீட்டுச் சுவரில் ஒலி மோதி எல்லா அறைக்கும் போகும். வாசற்படியில் நனையாத கோணிச் சாக்குகளை இரட்டையாகத் தொங்கவிடு. வாசனைக்கு ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய் போதும். சுகப்பிரசவத்துக்குத் திருக்கருகாவூர்க் கோயில் பிரசாதம் வாங்கியவர்களுக்கு அது சொல்லாமலே புரியும். சாம்பிராணிப் புகை வேண்டாம், லென்சில் படியும், கைக்குழந்தைக்கும் ஆகாது.

உத்தரம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து எழுது. செல்லரித்திருக்கிறதா என்று ஆசாரியைத் தட்டிப் பார்க்கச் சொல். பெரியவர்களும் ஆட்டுவார்கள், 3 கிலோவை நம்பிக் கட்டாதே. கண்ணாடி அங்கே கிடைக்காவிட்டால் சித்திரைக்குள் சொல், வாங்கி அனுப்புகிறேன்.

உன் அன்புத் தங்கை