எந்தத் தீத்து? ஞாயிறு பள்ளிப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன வாரம் தேர்வுத்தாள் திருத்தினேன். "தீத்து எருசலேமுக்கு ஏன் போனார்?" என்ற கேள்விக்கு என் வகுப்பில் நான்கு பிள்ளைகள் "ஆலயத்தை இடிக்கப் போனார்" என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமி, "பிறகு மனந்திரும்பி ஊழியக்காரர் ஆனார்" என்றும் சேர்த்திருந்தாள். சபையைத் துன்புறுத்திய சவுல் அப்போஸ்தலன் பவுலாக முடியும் என்றால் தீத்துவுக்கு மட்டும் என்ன தடை? அவளைப் பொறுத்தவரை கணக்குச் சரி.

குழப்பம் அவளுடையது அல்ல, உங்கள் புத்தகத்தினுடையது. தீத்து என்ற பெயரில் இருவர் உண்டு: ஒருவர் பவுலின் உடன் ஊழியர், மற்றவர் எருசலேமை அழித்து, பிறகு ராயன் (ரோமப் பேரரசர்) ஆனவர். ஒரு பாடத்தில் "தீத்துராயன் எருசலேமை அழித்தான்" என்கிறீர்கள். இரண்டு பாடம் தள்ளி, பவுல் "தீத்துவுக்கு எழுதிய நிருபம்" (கடிதம்). அதற்குத் துணையாக ரோமாபுரியில் இருக்கும் தீத்து வளைவின் படம்! போர்வீரர்கள் எருசலேம் ஆலயத்தின் ஏழு கிளைக் குத்துவிளக்கைத் தோளில் தூக்கிப் போகும் சிற்பம் அதில் தெளிவாகத் தெரிகிறது. கொள்ளையடித்தவனின் வெற்றிச் சின்னத்தை ஊழியக்காரரின் பாடத்தில் ஒட்டிவிட்டு, பிள்ளைகள் தவறாக எழுதினார்கள் என்று மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்கிறீர்கள்.

நம் தீத்து யூதரல்ல, கிரேக்கர். பவுலோடும் பர்னபாவோடும் எருசலேமுக்குப் போனவர். அங்கே அவரை யூதச் சடங்கான விருத்தசேதனம் செய்துகொள்ளும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று கலாத்தியர் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. புறஜாதியார் (யூதரல்லாதோர்) அப்படியே சபைக்குள் வரலாம் என்பதற்கு உயிருள்ள சாட்சியாக நின்றவர் அவர். கொரிந்து சபையின் சண்டையைத் தணிக்கப் போனதும், கிரேத்தா (கிரீட்) தீவில் பட்டணங்கள்தோறும் மூப்பரை ஏற்படுத்தும் பொறுப்பை ஏற்றதும் அவரே. அத்தீவின் முதல் பேராயர் என்று மரபு சொல்லும். ஆனால் பவுலின் பயணங்களைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளில் ஓரிடத்திலும் அவர் பெயர் இல்லை. எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம் அது.

மற்றவர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து அதே நகரத்துக்குப் படையோடு வந்தவர். கி.பி. 70இல் ஆலயம் எரிந்தபோது அவர் ராயன்கூட இல்லை, தளபதி. ராயனாக இருந்தது அவருடைய தந்தை வெஸ்பாசியன். மகன் அரியணை ஏறியது 79இல். அதே ஆண்டில்தான் வெசூவியஸ் எரிமலை வெடித்தது. 81இல் இறந்தும் போனார். ஆக, "தீத்துராயன் அழித்தான்" என்ற உங்கள் வரியும் பிழையே.

பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் இதே மனிதர் "டைட்டஸ்" ஆகிவிடுகிறார். எங்கள் சபையில் டைட்டஸ் என்று ஒரு பையன் இருக்கிறான். தன் பெயர்தான் வேதத்தில் தீத்து என்று இருக்கிறது என்பது பன்னிரண்டு வயதுவரை அவனுக்குத் தெரியாது. பெயர் ஒன்றாக இருப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. ரோமர்களிடம் புழங்கிய முன்பெயர்கள் இருபதைத் தாண்டாது. நம் ஊரில் முருகனும் செல்வராஜும் போல, தெருவுக்கு ஒரு தீத்து இருந்திருப்பார். சபைப் பிதாக்களில் ஒருவரான அலெக்சாந்திரியா கிளமெந்தின் முழுப்பெயர் தீத்து பிளாவியு கிளமெந்து. அந்த ராயனின் முழுப்பெயர் தீத்து பிளாவியு வெஸ்பாசியன். அவருடைய தந்தைக்கும் அதே முழுப்பெயர்தான்!

பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இதில் உங்களைவிடக் கவனமாக இருந்தார்கள். நடபடிகளில் "கிலவுதியு ராயன்" வேறு, சேனாபதி "கிலவுதியு லீசியா" வேறு என்று எந்தப் பிள்ளைக்கும் புரிகிறது.

அடுத்த பதிப்பில் "தளபதி தீத்து, கி.பி. 70" என்று ஓரிடத்திலும், "பவுலின் உடன் ஊழியர் தீத்து" என்று மற்றோரிடத்திலும் போடுங்கள். இருவருக்கும் பெயர் ஒன்று என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். வளைவின் படத்தை எருசலேம் பாடத்துக்கு மாற்றுங்கள்.

அந்த நான்கு பேருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். மறுமதிப்பீட்டுக்குத் தாளைக் கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை