கால்பந்து மூலக்கூறும் ஆயுள் எண்ணெயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கார்பன் அணுக்களால் ஆன பந்து வடிவ மூலக்கூறான ஃபுல்லரீன் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், அது "ஆயுளைக் கூட்டும்" என்ற வரியைத் திருத்த வேண்டுகிறேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். விளையாட்டு ஆசிரியரிடம் கால்பந்தை இரவல் வாங்கிவந்து மாணவர்களை எண்ணச் சொல்வேன். கறுப்பு ஐங்கோணம் 12, வெள்ளை அறுகோணம் 20. தையல்கள் கூடும் முனைக்கு ஒரு கார்பன் அணு என்றால் மொத்தம் 60. (எங்கே தொடங்கினோம் என்பதைப் பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணாத பையனே கிடையாது.) 1985இல் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி குழு கண்டறிந்த மூலக்கூறு இதே வடிவம்தான். 1996இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதையெல்லாம் கட்டுரையாளர் சரியாகவே எழுதியிருக்கிறார். "ஆயுளைக் கூட்டும்" என்று போகிறபோக்கில் சொன்னதுதான் வினையாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர், அந்த வரிக்கு அடிக்கோடிட்டுக் கொண்டுவந்து காட்டினார். கையில் ஒரு புட்டி: ஃபுல்லரீன் கரைத்த ஆலிவ் எண்ணெய். விலை அவருடைய ஓய்வூதியத்தில் பாதி.

இத்தகைய எண்ணெயைக் கொடுத்த எலிகளின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பானதாக 2012இல் பிரான்சிலிருந்து ஓர் ஆய்வு வந்தது உண்மை. குழுவுக்கு ஆறே எலிகள். பிறகு 2020இல் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் ஆயுள் கூடவில்லை என்று கண்டார்கள். அதைவிட முக்கியம், வெளிச்சம் பட்ட எண்ணெய் நஞ்சாக மாறியது. நடத்துநர் வீட்டுப் புட்டி கண்ணாடி போலத் தெளிவானது. கிழக்குப் பார்த்த ஜன்னல் திண்டில் ஒரு மாதமாக இருக்கிறது. புகைக்கரியிலிருந்து ஃபுல்லரீனைப் பிரிக்க டொலுவீன் போன்ற கரைப்பான்களைப் பயன்படுத்துவார்கள். அது மிச்சமில்லாமல் நீக்கப்பட்டதா என்பது பற்றிப் புட்டியில் ஒரு சொல்லும் இல்லை.

உண்மையான பயனுக்குத்தான் கூடுதல் இடம் தந்திருக்க வேண்டும். இந்தப் பந்து எலக்ட்ரான்களை எளிதில் வாங்கிக்கொள்ளும். அதனால் கரிமச் சூரியமின்கலங்களில், எளிதில் கரைவதற்காக வால் போல ஓர் அணுக்கூட்டம் ஒட்டிய ஃபுல்லரீனை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். உள்ளே காடோலினியம் என்ற உலோகத்தின் அணுக்களை அடைத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு உதவுமா என்றும் ஆராய்கிறார்கள். கூட்டுக்குள் உலோகத்தைப் பூட்டிவைப்பது எனக்கு ஆயுள் எண்ணெயைவிடப் பெரிய அதிசயமாகத் தெரிகிறது.

திருத்தம் வந்தால் கத்தரித்து நடத்துநரிடம் கொடுப்பேன். நான் வாயால் சொன்னதை அவர் நம்பவில்லை. அச்சில் வந்தால்தான் நம்புவாராம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
திண்டுக்கல்