60 மணி நேர விளையாட்டு, 12 பகுதி அனிமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏறத்தாழ 60 மணி நேரம் செலவிட்டு நான் ஆடி முடித்த வீடியோ கேம் ஒன்றை, அண்மையில் அனிமே (ஜப்பானிய பாணி அசைவூட்டப் படம்) தொடராகப் பார்த்து மனம் நொந்தேன். பகுதிக்கு 24 நிமிடம் என 12 பகுதிகள்; மொத்தம் 5 மணி நேரம்கூட இல்லை. கதை சுருங்குவதை ஏற்கலாம். ஆனால், 20 முறை தோற்று, கை வியர்க்க நான் வென்ற பாலத்துச் சண்டையை நாயகன் ஒரே வாள்வீச்சில் முடித்துவிடுகிறான். ஆடுபவரின் மனமே அவன் குரலாகட்டும் என்று வாய் திறவாதவனாகப் படைக்கப்பட்டிருந்தவன், இங்கே ஓயாமல் பேசுகிறான். (பின்னணி இசை மட்டும் விளையாட்டில் கேட்ட அதே இசை, அதுதான் கூடுதலாக வலித்தது.) ‘சைபர்பங்க் 2077’ என்ற வீடியோ கேமைத் தழுவி 2022இல் வெளிவந்த ‘சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்’ அனிமே 10 பகுதிகளே கொண்டிருந்தும், அந்த விளையாட்டின் நாயகப் பாத்திரத்தைத் தொடாமல், அதே நகரில் வாழும் வேறோர் இளைஞனின் கதையைச் சொன்னது. அந்த வழியை இத்தொடரின் படைப்பாளிகளும் யோசித்திருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்